உப்புக்காற்றில் பழைய ஒலிப்பெட்டி

பழைய ஒலிபெருக்கி எந்த வேலைக்காகச் செய்யப்பட்டதோ அந்த வேலையை இன்னும் செய்கிறதா என்பதுதான் அதன் மதிப்பு. திருவிழாப் பந்தலில் மூங்கில் உச்சியில் கட்டும் குழாய்க்குத் தூரத்துக்குக் கேட்கவேண்டும் என்ற ஒரே வேலை. ஒலிப்பதிவு அறையின் மேசையில் நிற்கும் மானிட்டர் ஸ்பீக்கர் பதிவானதைக் கூட்டாமல் குறைக்காமல் காட்டவேண்டும். பாட்டில் பிசிறு இருந்தால் பிசிறோடு கேட்கவேண்டும். ஆம்ப்ளிஃபையரைத் தன் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கும் பவர்டு மானிட்டர், இந்த இரண்டாவது வகையின் பிற்காலப் பிள்ளை. பத்து, இருபது, முப்பது ஆண்டு உழைத்த அப்படியொரு ஜோடி கைமாறும்போது விலையை எப்படி வைப்பது என்ற கேள்விக்குக் காரைக்கால் போன்ற கடலோர ஊரில் கிடைக்கும் பதில், சென்னையிலோ கோவையிலோ கிடைக்கும் பதிலாக இருக்க முடியாது. உப்புக்காற்றும், மின்சார ஏற்ற இறக்கமும், வெளிநாட்டுச் சாமான் வந்த வழியும் இங்கே விலைக்குள் நுழைந்துவிடுகின்றன.

காரைக்காலில் ஒலிபெருக்கியின் வரலாறு மைக் செட்டில் தொடங்குகிறது. காவிரிப் படுகையின் கடைக்கோடியில், அரசலாறு கடலில் கலக்கும் இந்தச் சிறு நிலப்பகுதிக்கு ஆண்டு முழுக்க விழா உண்டு. ஆனிப் பௌர்ணமியை ஒட்டிக் காரைக்கால் அம்மையாரின் மாங்கனித் திருவிழா, மஸ்தான் சாகிபு தர்காவின் கந்தூரி, ஆகஸ்டில் தேற்றரவு அன்னை ஆலயத் தேர், இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி, மார்கழி முழுக்க விடியற்காலைப் பாட்டு. தெற்கே சற்றுத் தள்ளி நாகூர்க் கந்தூரியும் வேளாங்கண்ணிக் கொடியேற்றமும். மும்மதத்துக்கும் ஒரே மைக் செட்காரர் குழாய் கட்டுவது இந்தப் பக்கத்தில் இயல்பான காட்சி. காதுகுத்து, கல்யாணம், கட்சிக் கூட்டம் எல்லாம் அதற்கு மேல்.

மைக் செட் என்பது ஒரு பொருளல்ல, பல பொருள்களின் சேர்க்கை. வால்வு ஆம்ப், அதை ஓட்ட மின்சாரமோ 12 வோல்ட் கார் பேட்டரியோ, இசைத்தட்டுச் சுழற்றி, மைக், வயர்ச் சுருள், அலுமினியக் குழாய், குழாயின் பின்னால் திருகப்படும் யூனிட். 1940-ல் தில்லியில் தொடங்கிய ஆஹுஜா நிறுவனத்தின் பெயர் பின்னாளில் இந்தத் தொழிலுக்கே மறுபெயர்போல ஆனது. ஒவ்வொரு உறுப்பும் தனியாக இருந்ததால் பழைய செட் விலைபேசப்படும்போது ஒவ்வொன்றும் தனித்தனியே விலைபெற்றது. நசுங்கிய குழாயைத் தட்டி நிமிர்த்தலாம். யூனிட்டின் காயில் எனும் கம்பிச்சுருள் போனால் காயிலை மட்டும் மாற்றலாம். ஆம்ப் கெட்டால் இன்னொரு ஆம்பில் இதே குழாயைக் கோக்கலாம். எதற்கும் உதவாத குழாய்க்குக்கூட அலுமினிய எடைக்கு விலை உண்டு.

இந்தத் தொழிலில் சோதிக்கும் முறையும் எளிது, இன்றும் பயனுள்ளது. ஒன்றரை வோல்ட் டார்ச் செல்லின் இரு முனையையும் ஸ்பீக்கரின் இரு முனையில் ஒரு கணம் தொட்டு எடுப்பார்கள். 'டப்' என்று தெளிவாக ஒலித்தால் காயில் உயிரோடு இருக்கிறது. கரகரத்தால் காயில் காந்த இடுக்கில் உரசுகிறது. ஒலியே இல்லையென்றால் அறுந்துவிட்டது. கோன் வைத்த ஸ்பீக்கரானால் செல்லைத் தொட்டதும் கோன் முன்னால் வருகிறதா பின்னால் போகிறதா என்று பார்த்து எந்த முனை கூட்டல், எந்த முனை கழித்தல் என்பதையும் அறிவார்கள். அடுத்து இரண்டு கைவிரல்களையும் கோனின் எதிரெதிர் விளிம்பில் வைத்து மெல்ல அழுத்தி விடுவார்கள். மணலை அரைப்பதுபோன்ற உரசல் விரல்நுனிக்குத் தெரிந்தால் அதன் விலை அந்த இடத்திலேயே இறங்கிவிடும். அளவுமானி இல்லாத காலத்தில் உருவான இந்தப் பரிசோதனையில் பிழை மிகக் குறைவு.

காரைக்காலுக்கு வெளிநாட்டு ஒலிச்சாதனம் வந்த வழி தனிக் கதை. 1739-ல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த இந்த ஊர் 1954 நவம்பர் 1 வரை அவர்கள் ஆட்சியில் இருந்தது. பிரிட்டிஷ் இந்தியாவோடு 1941-ல் ஏற்பட்ட சுங்க ஒன்றிய உடன்பாட்டை 1949-ல் இந்தியா முடித்துக்கொண்டதும் ஊரைச் சுற்றிச் சுங்கக்கோடு விழுந்தது. கோட்டுக்கு உள்ளே ஒரு விலை, வெளியே ஒரு விலை. கடிகாரம், பேனா, துணி, வானொலிப் பெட்டி போன்றவற்றுக்கு 'வெளிநாட்டுச் சரக்கு' என்ற மதிப்பு இந்தக் கரையில் வேர்விட்டதற்கு அந்த ஆண்டுகளும் ஒரு காரணம்.

ஊர் இந்தியாவோடு இணைந்தபின் வெளிநாட்டுச் சரக்கைக் கொண்டுவரும் வேலையைக் கப்பல் எடுத்துக்கொண்டது. 1926-ல் கட்டப்பட்ட ரஜூலா கப்பலும், 1973-ல் அது நின்றபின் எம்.வி. சிதம்பரமும் சென்னை, நாகப்பட்டினம், மலேயத் துறைமுகங்கள், சிங்கப்பூர் என்று ஓடின. காரைக்காலிலிருந்து நாகப்பட்டினம் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். கப்பல் வரும் நாளில் கரையிறங்கிய பெட்டிகளில் சேலைக்கும் தைலத்துக்கும் இடையே டிரான்சிஸ்டர் ரேடியோவும், பிறகு டேப்ரெக்கார்டரும் இருந்தன. 1985 பிப்ரவரியில் சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்தது. அந்தப் பயணிகள் கப்பல் வழி அதோடு முடிந்தது. விமானமும் வளைகுடாவும் அந்த இடத்தைப் பிடித்தன. 1962-ல் சட்டப்படியான ஒப்படைப்பு நிகழ்ந்தபின் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களுக்குப் பிரான்சிலிருந்தும் சாமான் வந்தது.

இந்த மூன்று வழிகளும் பழைய பொருளின் விலையில் இன்றும் அடையாளம் வைத்திருக்கின்றன. சிங்கப்பூர், துபாய், பிரான்ஸ் மூன்றிலும் மின்சாரம் நம்முடையதுபோல 220 முதல் 240 வோல்ட்டுக்குள்தான். அங்கிருந்து வந்த பவர்டு ஸ்பீக்கர் நேரடியாக ஓடும். ஜப்பானின் மின்சாரம் 100 வோல்ட், அமெரிக்காவினுடையது 120. அந்தச் சந்தைக்கென்று செய்த பெட்டியை இங்கே அப்படியே செருகினால் பியூஸ் போகும், அதிர்ஷ்டம் இல்லையென்றால் டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து போகும். ஆகவே முதலில் பார்க்கவேண்டியது பெட்டியின் பின்தகடு. 115, 230 என்று மாற்றும் சுவிட்சு இருக்கிறதா, ஒரே வோல்ட் அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். 120 வோல்ட் பெட்டிக்குத் தனியாக ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கும் செலவைக் கேட்ட விலையில் கழித்தாகவேண்டும். வயர் முனையும் கவனிக்கத்தக்கது. பிரெஞ்சு பிளக்கை நம்மூர் சாக்கெட்டில் எப்படியாவது நுழைத்துவிடலாம். ஆனால் எர்த் சேராது. எர்த் இல்லாத பவர்டு ஸ்பீக்கர் ஹம் அடிக்கும், உலோகப் பின்தகடு கையைச் சுண்டும். இதைப் பெட்டியின் கோளாறு என்று நினைத்துப் பாதி விலைக்கு விற்றவர்களும் உண்டு. சரியான மூன்று முள் வயர் போட்டதும் அந்த ஹம் போய்விடும்.

பெட்டிக்குள் ஆம்ப் வைக்கும் எண்ணம் புதியதல்ல. செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இருவர் இன்று நாம் அறிந்த சுருள்-கோன் ஸ்பீக்கரை விளக்கி 1925-ல் கட்டுரை வெளியிட்டார்கள். அதை வைத்து அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. விற்ற ரேடியோலா 104 என்ற பெட்டிக்குள் ஒரு வாட் அளவிலான ஆம்பும் சேர்ந்தே இருந்தது. சுருள்-கோன் ஸ்பீக்கர் கடைக்கு வந்ததே பவர்டு ஸ்பீக்கராகத்தான். பிறகு வீட்டு ஒலிச்சாதனத்தில் இரண்டும் பிரிந்தன. மீண்டும் சேர்த்தது வானொலி நிலையங்களின் தேவை. பின்லாந்தின் தேசிய ஒலிபரப்பு நிறுவனம் தன் புதிய வானொலி இல்லத்துக்குக் கட்டுப்பாட்டு அறை ஸ்பீக்கர் கேட்டது. அதற்காக இல்போ மார்ட்டிகைனனும் டோபி பார்ட்டனனும் 1978-ல் இய்சால்மி ஊரில் தொடங்கிய நிறுவனம்தான் ஜெனலெக். முதல் மாதிரி எஸ்30. ஊஃபர் முதல் ட்வீட்டர் வரை ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆம்ப் என்று தனித்தனியாகக் கொடுத்து, ஒலியைப் பிரிக்கும் வேலையை ஆம்புக்கு முன்னாலேயே செய்துவிடுவது அதன் சிறப்பு. 1989-ல் அமெரிக்காவின் மேயர் சவுண்டிலிருந்து எச்டி-1, 1991-ல் ஜெனலெக்கின் 1031ஏ, தொண்ணூறுகளின் பிற்பாதியில் மெக்கியின் எச்ஆர்824 என்று இந்த வகை நிலைபெற்றது. அதே 1978-ல் யமஹா வெளியிட்ட வெள்ளைக் கோன் என்எஸ்-10எம் உலகெங்கும் ஒலிப்பதிவு மேசைகளில் ஏறியது. ஆனால் அதற்குள் ஆம்ப் கிடையாது. 2001-ல் அதன் உற்பத்தி நின்றது. விற்பவர் அதையும் 'பவர்டு' என்று சொன்னால் பெட்டியின் பின்னால் மின்வயர் செருகும் துளை இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

தமிழ்நாட்டில் ஒலிப்பதிவு நெடுங்காலம் கோடம்பாக்கத்தின் பெரிய கூடங்களுக்குள்ளேயே அடங்கியிருந்தது. 1978-ல் வெளியான 'ப்ரியா' படத்தில் இளையராஜா ஸ்டீரியோவில் பாட்டுப் பதிவுசெய்தார். இடம் வலம் பிரிந்து கேட்கும் ஓசை தமிழ்த் திரைப்பாட்டுக்கு அப்போது புதிது. 1989-ல் ஏ.ஆர். ரகுமான் தன் வீட்டை ஒட்டி பஞ்சதன் ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்தார். 1992-ல் 'ரோஜா' பாடல்கள் வந்தபோது, பெரிய கூடம் இல்லாமலும் உலகத் தரமான ஓசை சாத்தியம் என்பதை இளைஞர் பலர் உணர்ந்தார்கள். 1991-ன் பொருளாதார மாற்றம் இறக்குமதியின் முடிச்சைத் தளர்த்தியது. 2001 ஏப்ரலில் நுகர்பொருள் இறக்குமதியின் அளவுக் கட்டுப்பாடும் நீங்கியது. கணிப்பொறியில் பாட்டுப் பதிவுசெய்வது சிற்றூர் வரை இறங்கிய பிறகு, பக்திப் பாடல், இசுலாமியப் பாடல், தேவாலயக் கீதம், கல்யாண வீடியோ, உள்ளூர் விளம்பரம் எல்லாவற்றுக்கும் சிறிய அறையும் ஒரு ஜோடி பவர்டு மானிட்டரும் போதும் என்றானது. 100.3 மெகாஹெர்ட்சில் ஒலிக்கும் காரைக்கால் பண்பலை டெல்டாவின் வீடுகளுக்கும் வயல்வெளிகளுக்கும் தெளிந்த ஓசையைப் பழக்கியிருந்ததும் இதற்குத் துணை. அறை மூடப்பட்டாலோ உரிமையாளர் வெளிநாடு போனாலோ அந்த ஜோடி விற்பனைக்கு வரும்.

இங்கேதான் மைக் செட் காலத்துக் கணக்கு உடைகிறது. பவர்டு மானிட்டரில் ஊஃபர், ட்வீட்டர், இரண்டு ஆம்ப், வடிப்பான் சுற்று, பெட்டியின் கன அளவு எல்லாம் ஒன்றுக்கொன்று அளந்து பொருத்தப்பட்டவை. ஒன்றை எடுத்து வேறொன்றை வைத்தால் அது வேறு ஸ்பீக்கராகிவிடும். மைக் செட் யூனிட்டில் காயில் மாற்றினால் குழாயின் மதிப்பு குறைவதில்லை, ஓசை தூரத்துக்குப் போனால் சரி. மானிட்டரின் ஊஃபரில் உள்ளூர் கோனும் காயிலும் போட்டுக் கட்டினால் பாட்டு நன்றாகவே கேட்கலாம், ஆனால் அதை நம்பி இன்னொருவர் பாட்டைச் சமன்செய்ய முடியாது. அசல் உறுப்பு மாறிய மானிட்டரை மானிட்டர் விலைக்கு வாங்கக்கூடாது, நல்ல வீட்டு ஸ்பீக்கர் விலைக்கு வாங்கலாம். ஊர்ச் சந்தையில் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். டார்ச் செல் சோதனையும் பின்தகட்டைக் கழற்றாமல் முடியாது, ஏனென்றால் வெளியே தெரியும் முனை ஸ்பீக்கருடையதல்ல, ஆம்பினுடையது.

கடலோரத்தில் பெட்டி எப்படி முதுமையடைகிறது என்பதை வரிசையாகப் பார்க்கலாம். முதலில் கோனைச் சுற்றிய வளையம். ரப்பராக இருந்தால் பல்லாண்டு தாங்கும். பஞ்சுபோன்ற ஃபோமாக இருந்தால் ஈரமும் வெப்பமும் சேர்ந்து அதைச் சிதைக்கும். விரலால் லேசாகத் தொட்டாலே பிசுபிசுப்பாக ஒட்டும், அல்லது பொடியாக உதிரும். அடுத்தது ட்வீட்டர். அதன் காந்த இடுக்கில் குளிர்ச்சிக்காக ஊற்றிய எண்ணெய் சில மாதிரிகளில் கெட்டிப்பட்டுவிடும், மேல்ஸ்தாயி மங்கிப்போகும். பாட்டில் சலங்கையும் தாளமும் ஒரு பெட்டியில் பளிச்சென்றும் மற்றதில் துணி போர்த்தியதுபோலவும் கேட்டால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

மூன்றாவது, கடைக்காரர் 'கண்டன்சர்' என்று சொல்லும் கெப்பாசிட்டர். பழைய பவர்டு ஸ்பீக்கரின் ஆயுளை நிர்ணயிப்பது இதுவே. உள்ளே ஈரத் திரவம் உள்ள இந்த உறுப்பின் மேல் பெரும்பாலும் '85 டிகிரி' என்று அச்சிட்டிருக்கும். அந்த வெப்பத்தில் அதன் ஆயுள் சாதாரண ரகத்துக்கு 2000 மணி நேரம். வெப்பம் 10 டிகிரி குறையும்தோறும் ஆயுள் இரட்டிக்கும். காரைக்கால் கோடையில் காற்றோட்டமில்லாத பெட்டிக்குள் 55 டிகிரி என்று வைத்தால் 16,000 மணி நேரம். நாளுக்கு 6 மணி நேரம் ஓடினால் ஏழு ஆண்டுக்குச் சற்று மேல். இரவும் பகலும் அணைக்காமல் விட்டிருந்தால் இரண்டு ஆண்டுக்குள் கணக்கு தீர்ந்துவிடும். எனவே 'பத்து வருசம் ஆச்சு, கைபடாத பெட்டி' என்பது பாராட்டுக்குரிய செய்தியே அல்ல. கண்டன்சர் மாற்றிய ரசீதோடு வரும் பெட்டிதான் கூடுதல் விலைக்குத் தகுதி. குளிரூட்டிய அறையில், வேலை முடிந்ததும் அணைக்கப்பட்டு உழைத்த பெட்டிக்கு அடுத்த இடம்.

நான்காவது உப்பு. பின்தகட்டுத் திருகுகள் பழுப்பேறியிருந்தால் உள்ளே சர்க்யூட் போர்டைப் பார்க்காமல் விலை பேசக்கூடாது. செப்புப் பாதையில் பச்சைக் களிம்பு, ஈயப்பற்றில் வெள்ளைப்பொடி, கண்டன்சரின் தலை உப்பல் மூன்றையும் ஒரே பார்வையில் காணலாம். குமிழைத் திருப்பும்போது கரகரவென்றால் உப்பு குமிழுக்குள் இறங்கிவிட்டது, அது துடைத்தால் போகும் சிறு குறை. ஆனால் வெள்ளம் கண்ட பெட்டி வேறு. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, பட்டினச்சேரி முதலிய மீனவ ஊர்களுக்குள் புகுந்து உயிர்களையும் வீடுகளையும் கொண்டுபோனது. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் இந்தப் பகுதியையும் விட்டுவைக்கவில்லை. கடல்நீர் தொட்ட மின்சாதனம் காய்ந்தபின் சில மாதம் ஓடலாம், உள்ளே அரிப்பு நிற்பதில்லை. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை ஈரம் குடித்தால் விளிம்பு உப்பித் திரும்பச் சுருங்காது. பெட்டியின் அடிவிளிம்பை விரலால் தடவிப் பார்த்தால் அந்த மேடு தெரிந்துவிடும். அப்படி மேடு தட்டிய ஜோடிக்கு உதிரிப்பாக விலைக்கு மேல் எதுவும் கொடுப்பது நியாயமில்லை.

பழுதுபார்க்க இயலுமா என்பது விலையின் மறுபாதி. தொண்ணூறுகளிலும் இரண்டாயிரத்தின் தொடக்கத்திலும் வந்த பல நடுத்தர மானிட்டர்களில் கனத்த டிரான்ஸ்ஃபார்மரும் எல்எம்3886, டிடிஏ7294 போன்ற பொது ஐசிக்களும் இருந்தன. இவை சென்னை ரிச்சி தெருவில் கிடைப்பவை. போலியும் சேர்ந்தே கிடைக்கும் என்பதால் நம்பிய கடையில் வாங்கவேண்டும். பற்றவைப்புக் கோல் பிடிக்கத் தெரிந்த எந்த மெக்கானிக்கும் மாற்றிவிடலாம். பின்னால் வந்த, எடை குறைந்த, சில்லுகள் நெருக்கமாகப் பதித்த போர்டுகளில் ஒன்று போனால் முழுப் போர்டையும் மாற்றவேண்டும். உற்பத்தியாளர் அந்தப் போர்டை நிறுத்தியிருந்தால் ஜோடியே முடிந்தது. இந்தக் காரணத்தால் கனமான பழைய பெட்டி இலேசான புதுப் பழசைவிடப் பல நேரம் நல்ல முதலீடு.

கேட்டுப் பார்க்கும் முறைக்கு அதிகம் வேண்டியதில்லை. மின்விசிறியை நிறுத்திவிட்டு, பாட்டு எதுவும் போடாமல் பெட்டியை ஓடவிட்டு ட்வீட்டர் அருகே காதை வைக்கவேண்டும். மெல்லிய 'ஸ்ஸ்' இயல்பு, 'ம்ம்' என்ற ஹம் இயல்பல்ல. அரை மணி நேரம் ஓடிச் சூடான பிறகு மீண்டும் கேட்கவேண்டும், ஏனென்றால் ஈயப்பற்று விரிசல் சூட்டில்தான் வாய் திறக்கும். பிறகு தனிக்குரல் பாட்டு ஒன்றை மோனோவில் இரண்டு பெட்டியிலும் சேர்த்து ஒலிக்கவிட்டு நடுவில் உட்கார்ந்தால் பாடகர் இரு பெட்டிக்கும் நட்டநடுவில் நிற்கவேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் ஒரு பெட்டி தளர்ந்துவிட்டது. மல்டிமீட்டர் இருந்தால், கழற்றிய 8 ஓம் ஊஃபர் 6 ஓமைச் சற்றுத் தாண்டியும், 4 ஓம் ஊஃபர் 3-க்கு மேலும் காட்டும். இரண்டு பெட்டிக்கும் அளவு ஒத்திருப்பது முக்கியம்.

பெட்டி முன்பு எங்கே உழைத்தது என்பதையும் கேட்கவேண்டும். 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கியைத் தடுத்தன. 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. கூம்புக் குழாய்க்கும் தடை இறுகியபின் பெட்டி ஸ்பீக்கர்கள் பந்தலுக்கு வந்தன. அதனால் பழைய ஸ்டூடியோ மானிட்டரைப் பந்தல் வேலைக்கு விற்பதும் நடக்கிறது. ஒரு மேசை தூரத்துக்குச் செய்த பெட்டியைத் தெருவுக்குக் கத்தவிட்டால் ஒரே திருவிழாவில் காயில் கருகும். பந்தலில் உழைத்ததாகத் தெரிந்த மானிட்டரை வாங்காமல் விடுவதே நல்லது.

விலைக்கு ஒரு நேர்வழி உண்டு. அதே வேலையை இன்று செய்யும் புது ஜோடியின் கடைவிலையை எடுத்து, கண்டன்சர், வளையம், டிரான்ஸ்ஃபார்மர் என்று உடனே செய்யவேண்டிய செலவைக் கழித்து, அதில் பாதிக்கு மேல் போகாமல் பேசவேண்டும். அசல் உறுப்போடு, ரசீதோடு, ஒத்த ஓசையோடு உள்ள உயர்ரக ஜோடிக்கு மட்டும் அந்த வரம்பைத் தாண்டலாம். பின்தகட்டைத் திறந்து காட்ட மறுப்பவரிடம் எந்த விலைக்கும் வாங்கவேண்டாம்.